வீட்டுக்கல்வி: எந்தப் பாடத்திட்டம்? (கடிதம்)

அன்புள்ள அக்கா,

நாங்கள் கோவையில் சிங்காநல்லூர் பக்கம் இருக்கிறோம். மகளுக்கு 9 வயது, மகனுக்கு 6. வரும் ஜூனிலிருந்து இருவரையும் வீட்டிலேயே படிக்க வைப்பதென்று முடிவு செய்துவிட்டோம். எந்தப் பாடத்திட்டம் என்பதில்தான் தூக்கம் போகிறது. ஒரு தோழி அமெரிக்கப் பாடத்திட்டப் பெட்டியை வாங்கச் சொல்கிறாள். புத்தகம், தினசரி அட்டவணை எல்லாம் அதிலேயே வந்துவிடுமாம். இன்னொருவர் சார்லட் மேசன் முறை என்கிறார். கணவருக்கு மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. பாடநூல்களே போதும். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமனார், "பத்தாவது சர்டிபிகேட்டுக்கு என்னம்மா பண்ணுவீங்க? இது சட்டப்படி சரியா?" என்று தினமும் கேட்கிறார். பள்ளிக்குப் போகாமலே தேர்வெழுத உதவும் என்.ஐ.ஓ.எஸ்.ஸில் இப்போதே சேர்த்துவிட வேண்டுமா?

ம.

அன்புள்ள ம.,

மாமனார் கேட்பது நியாயமான கேள்வி, முதலில் அதற்கே பதில் சொல்கிறேன். என்.ஐ.ஓ.எஸ். மத்திய அரசின் திறந்தநிலைப் பள்ளி வாரியம். அங்கே பத்தாம் வகுப்புக்குப் பதிய 14 வயது நிறைந்திருக்க வேண்டும். ஐந்து பாடங்கள், ஆண்டுக்கு இரண்டு பொதுத்தேர்வு. எல்லாப் பாடத்தையும் ஒரே தடவையில் எழுத வேண்டியதில்லை. பதிவு ஐந்து ஆண்டுகள் செல்லும், தேறிய பாடம் கணக்கில் நிற்கும். தமிழை மொழிப்பாடமாக எடுக்கலாம். ஓவியமும் கர்நாடக இசையும்கூட உண்டு. பின்னால் பொறியியல், மருத்துவம் என்று போகக்கூடிய பிள்ளையானால் கணிதத்தையும் அறிவியலையும் விட்டுவிடக் கூடாது. நம் மாநில வாரியத்திலும் தனித்தேர்வராக எழுதும் வழி இருக்கிறது. அதில் அறிவியல் செய்முறைக்குத் தனியே பதிவு செய்து பயிற்சிக்குப் போக வேண்டும். மகளுக்கு 12 வயதாகும்போது இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும். இப்போது எதிலும் சேர்க்க வேண்டாம்.

சட்டம்: 2009 கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காதவருக்குத் தண்டனை எதுவும் அதில் இல்லை. வீட்டுக்கல்வியைப் பெயர் சொல்லி அனுமதிக்கவும் இல்லை. இதைத் தெரிந்துகொண்டே இறங்குங்கள்.

இனி அந்தப் பெட்டி. வாங்காதீர்கள். அதில் நாணயம் என்றால் டைம், குவார்ட்டர் என்ற அமெரிக்கக் காசுகள், வரலாறு என்றால் அந்நாட்டு மாசசூசெட்ஸில் குடியேறியவர்கள். உங்கள் பிள்ளைகள் போய்ப் பார்க்கவோ தொடவோ கூடியது ஒன்றும் இருக்காது. காசு கொடுத்து வாங்கிவிட்டோமே என்று அந்த அட்டவணையை முடிப்பதே வீட்டில் வேலையாகிவிடும். பிள்ளை எங்கே தடுமாறுகிறாள் என்று கவனிக்க நேரம் இருக்காது.

சார்லட் மேசன் விஷயம் வேறு. 1842 முதல் 1923 வரை வாழ்ந்த ஆங்கிலேயக் கல்வியாளர் அவர். சிறு பிள்ளைகளுக்குக் குறுகிய பாடவேளை, சுருக்கி எழுதிய பாடநூலுக்குப் பதில் நல்ல உரைநடை, ஒருமுறை வாசித்ததும் பிள்ளை தன் சொந்த வார்த்தையில் திரும்பச் சொல்வது, வெளியே நடந்து பார்த்ததை நோட்டில் வரைவது. இந்த நான்கையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், எந்த ஊருக்கும் பொருந்தும். அவருடைய புத்தகப் பட்டியலை மட்டும் விட்டுவிடுங்கள். அவருடைய மாணவர்கள் ராபின் பறவையையும் ஓக் மரத்தையும் வரைந்தார்கள். உங்களுக்குச் சிங்காநல்லூர்க் குளம் பக்கத்திலேயே இருக்கிறது. கூழைக்கடா, நீர்க்காகம், முக்குளிப்பான் என்று வரையத் தொடங்கினால் முதல் நோட்டு தானே நிறையும்.

வரலாறு, புவியியலுக்கு இந்த ஆண்டு புத்தகமே வேண்டாம், நொய்யல் போதும் என்பேன். வெள்ளியங்கிரியில் பிறக்கும் ஆறு பேரூர், கோவைக் குளங்கள், திருப்பூர் வழியாகப் போய்க் கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது. ஒரு வரைபடத்தை ஒட்டி, போன இடத்தையெல்லாம் குறிக்கச் சொல்லுங்கள். ஈரோடு மாவட்டத்தில் அதன் கரையில் கொடுமணல் இருக்கிறது. அங்கே இரும்பு உருக்கிய உலைகளும், கல்மணி செய்த பட்டறைத் தடங்களும், தமிழி என்ற பழந்தமிழ் எழுத்துப் பொறித்த பானையோடுகளும் அகழ்வில் கிடைத்திருக்கின்றன. பதிற்றுப்பத்து 'கொடுமணம்' என்று பாடும் ஊர் அது என்பது அறிஞர்கள் கருத்து. திருப்பூருக்கு வந்தால் சாயக்கழிவு. 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது ஏன், அந்த ஆலைகளை நம்பி எத்தனை வீட்டில் உலை கொதித்தது என்று 9 வயதுப் பெண்ணிடம் தாராளமாகப் பேசலாம். இரண்டு பக்கத்தையும் சொல்லுங்கள்.

கணிதத்தில் மட்டும் இந்தச் சுதந்திரம் கிடையாது. அங்கே வரிசை முக்கியம். பின்னம் பிடிபடாத பிள்ளைக்குச் சதவீதம் ஏறாது. என்.சி.இ.ஆர்.டி.யோ சமச்சீரோ ஏதாவது ஒன்றை எடுங்கள். இரண்டுமே இணையத்தில் இலவசம். ஒன்றைப் பாதியில் விட்டு இன்னொன்றுக்குத் தாவாதீர்கள். மகளுக்குப் போன வருடப் புத்தகத்தின் பயிற்சிகளைக் கொடுத்துப் பாருங்கள். எங்கே நிற்கிறாளோ அங்கிருந்து தொடங்குங்கள், மூன்றாம் வகுப்பாக இருந்தாலும் சரி. எதையும் முதலில் புளியங்கொட்டையால், பிறகு படமாக, கடைசியில் எண்ணாக. சிங்கப்பூர்க் கணிதம் என்று விலைக்கு வருவதன் அடிப்படை இந்த வரிசைதான். மாமனாரைச் சும்மா விடாதீர்கள். மீட்டரைப் பார்த்து யூனிட் கணக்கெழுத அவர் சொல்லித் தரட்டும். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் என்பதில் பெருக்கலும் இருக்கிறது, அறிவியலும் இருக்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்று, எனக்கு மிகவும் கவலை தருவது. நீங்கள் சொன்ன எந்தத் திட்டத்திலும் தமிழ் இல்லை. கடையில் வாங்குகிற வீட்டுக்கல்விப் பொருள் அநேகமாக ஆங்கிலத்தில்தான் கிடைக்கிறது. அதனால் அப்படி வளரும் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசியும் தமிழில் ஒரு பக்கம் வாசிக்கத் திணறுகிறார்கள். தினமும் அரை மணி நேரம் தமிழில் உரக்க வாசியுங்கள். மற்றதெல்லாம் தவறிப்போன நாளிலும் இது நடக்கட்டும்.

ஜூன், ஜூலையில் மகளுக்குக் கணிதம் அரை மணி, தமிழ் அரை மணி, குளத்தங்கரை. அவ்வளவே வையுங்கள். பள்ளிக்கூட மணிக்குப் பழகியவள், "அடுத்து என்னம்மா பண்ணட்டும்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். பயந்துபோய் வேலை கொடுத்து நிரப்பாதீர்கள். மகன் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கிவிட்டானா என்று நீங்கள் எழுதவில்லை. அவனுக்கு என்ன செய்யலாம் என்பது அதைப் பொறுத்தது. அடுத்த கடிதத்தில் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா