பாவியா என்பது ஊர்ப் பெயர்

(இத்தாலியின் பாவியா பல்கலைக்கழகத்தில் 2021 முதல் 2023 வரை எம்.எஸ்சி. மூலக்கூறு உயிரியல் படித்துவிட்டு, இப்போது கோவையில் ஆய்வக வேலையில் இருக்கும் மன்னார்குடிப் பக்கத்துப் பெண் ஒருவர் இந்த வாரம் வாசகர் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.)

என் மகளுக்கு இத்தாலியில் ஒரு சின்ன ஊரில் இடம் கிடைத்திருக்கிறது. மிலான், ரோம் என்றால் நாலு பேருக்குத் தெரியும். பெயர் தெரியாத ஊருக்கு அனுப்பலாமா? – வாசகர், ஈரோடு

எங்கள் வீட்டில் நான் ஊர்ப் பெயரைச் சொன்னதும் பாட்டி, "பாவியா? யாரைடி திட்டுறே?" என்றார். விமானம் ஏறுகிற நாள் வரை அவர் அந்தப் பெயரை வாயால் சொல்லவில்லை, "அந்த ஊர்" என்றுதான் சொன்னார்.

அந்த ஊரின் பல்கலைக்கழகம் 1361இல் தொடங்கியது. மின்கலத்தைக் கண்டுபிடித்த வோல்டா அங்கே பேராசிரியர், முற்றத்தில் சிலையாக நிற்கிறார். நரம்புச் செல்களை ஆராய்ந்து 1906இல் நோபல் பரிசு வாங்கிய கோல்ஜியும் அங்கேதான் பாடம் எடுத்தார். ஊரில் இருப்பது சுமார் 70,000 பேர், அதற்கு மேல் மாணவர்கள் 20,000க்கும் அதிகம். பெரிய ஊர் வேண்டுமென்றால் மிலான் 35 கிலோமீட்டர்தான். ரயில் ஏறினால் அரை மணி சொச்சம். எனவே ஊரின் அளவைப் பார்க்காதீர்கள். மகள் சேரும் பாடப்பிரிவில் யார் யார் பேராசிரியர்கள், என்ன ஆய்வு நடக்கிறது என்று பாருங்கள். வாடகை மட்டும் சின்ன ஊர் என்பதால் சல்லிசாக இருக்கும் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். மாணவர்கள் குவிகிற ஊரில் அப்படி இருக்காது.

பாடம் ஆங்கிலத்தில்தான் என்கிறார்கள். அப்படியிருக்க இத்தாலியன் எதற்கு? – மாணவி, திருச்சி

வகுப்பறைக்குத் தேவையில்லை. வகுப்பறைக் கதவைத் தாண்டியதும் தேவை. தங்கும் அனுமதிக்கு, அதை 'பெர்மெஸ்ஸோ' என்பார்கள், ஊர் போய்ச் சேர்ந்த 8 வேலை நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அஞ்சலகத்தில் ஒரு பெரிய உறை தருவார்கள். அதற்குள் இருக்கிற படிவத்தை நிரப்பி, 16 யூரோ முத்திரை ஒட்டி, எல்லாக் கட்டணமும் சேர்த்து நான் கட்டியது 116 யூரோ சொச்சம். கவுண்டரில் இருந்த அம்மா பொறுமையாகத்தான் பேசினார், ஆனால் இத்தாலியனில். நான் "சீ, சீ" என்று தலையாட்டினேன். அவர்கள் மொழியில் அதற்கு "ஆமாம், ஆமாம்" என்று அர்த்தம். நம்மூர் அர்த்தத்தில் சொல்லியிருக்க வேண்டிய இடங்களும் அதில் இருந்தன.

நம்மவர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தானே. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராகப் போய் உட்காரும். அங்கே எல்லாவற்றுக்கும் கேட்கிற வரி எண்ணான 'கோதிச்சே ஃபிஸ்காலே' எழுத்தும் இலக்கமும் கலந்து 16 இடம். அது தொடங்குவதே குடும்பப் பெயரில் வரும் மெய்யெழுத்துகளில்தான். பெண் என்றால் பிறந்த தேதியோடு 40 கூட்டிவிடுவார்கள். 9ஆம் தேதி பிறந்த நான் அங்கே 49. பாஸ்போர்ட், விசா, சேர்க்கைக் கடிதம் மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இங்கேயே ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

தேர்வு வாய்மொழியாக நடக்கும் என்று கேள்விப்பட்டேன். பயமாக இருக்கிறது. – மாணவர், நாகர்கோவில்

எனக்கும் இருந்தது. எழுதித் தள்ளியே பாஸானவள் நான். பக்கத்துக்கு இத்தனை மார்க் என்று கணக்கு வைத்து எழுதிப் பழகிய கை.

முதல் வாய்மொழித் தேர்வு ஒரு ஜூன் மாதம். காலை ஒன்பது மணிக்கு எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்தோம். பேராசிரியர் முன்னால் மேசை போட்டு ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். மற்றவர்கள் பின்னால் இருந்து கேட்கலாம். அடுத்தவர் திணறுவதைக் காதால் கேட்டபடி நம் முறைக்குக் காத்திருப்பது இருக்கிறதே, பல் டாக்டர் வரவேற்பறை எவ்வளவோ மேல். பதினொன்றரைக்கு அப்பாவின் பெயர் கேட்டது. அப்பாவை யார் இங்கே கூப்பிடுகிறார்கள் என்று ஒரு நொடி நிமிர்ந்து பார்த்தேன். பிறகுதான் அது நான் என்று உறைத்தது.

வெற்றுத் தாள் ஒன்றை என் பக்கம் தள்ளி, "வரைந்து காட்டு" என்றார். டி.என்.ஏ. பழுது பார்க்கப்படும் விதம். வரைந்தேன். "ஏன் இந்தப் பக்கத்திலிருந்து தொடங்கினாய்?" என்றார். புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை. இருபது நிமிடம் போனது. கடைசியில், "24. ஏற்றுக்கொள்கிறாயா?" என்றார். மொத்தம் 30, 18 எடுத்தால் பாஸ். மார்க்கை ஏற்பதா வேண்டாமா என்று வாத்தியார் நம்மைக் கேட்பார் என்று யார் கண்டது? ஏதோ தப்புக்கு ஒப்புதல் கேட்கிறார் என்று நினைத்து, "ஏற்றுக்கொள்கிறேன் சார், இனிமேல் நடக்காது" என்றேன். பின் வரிசை சிரித்தது.

வெளியே வந்ததும் வகுப்புத் தோழி திட்டினாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த முறை மறுபடி எழுதியிருக்கலாமாம். 'எழுதியிருக்கலாம்' என்று பழக்கத்தில் வந்துவிட்டது, பேசியிருக்கலாம். எனவே தம்பி, படித்ததை வாய்விட்டு யாருக்காவது விளக்கிப் பழகுங்கள். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டே அறைத்தோழிக்கு விளக்கினேன். அவள் படித்தது சட்டம்.

பகுதி நேர வேலை பார்த்துச் செலவைச் சமாளிக்க முடியுமா? – வாசகர், மதுரை

மாணவர் அனுமதியில் வாரம் 20 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். கிடைக்க வேண்டுமே. சின்ன ஊரில் ஓட்டல்கள் கொஞ்சம், எல்லாவற்றிலும் மொழி கேட்பார்கள். அதை நம்பி விமானம் ஏறாதீர்கள். குடும்ப வருமானத்தை வைத்து அரசு தரும் உதவித்தொகை இருக்கிறது. அதற்கான சான்றிதழ்களை இங்கிருந்தே தயார் செய்துகொண்டு போங்கள்.

குளிர் தாங்குமா? – மாணவி, தூத்துக்குடி

குளிரைவிடக் காலண்டர்தான் என்னைப் படுத்தியது. அந்தப் பகுதியில் குடியிருப்புகளின் வெப்பமூட்டியை அக்டோபர் 15இலிருந்துதான் போடலாம் என்று சட்டம். நான் போய்ச் சேர்ந்த வருடம் பத்தாம் தேதியே குளிர் வந்துவிட்டது. குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு வீட்டுக்காரர் கதவைத் தட்டினேன். அவர் சுவரில் தொங்கிய காலண்டரில் 15ஐ விரலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போனார். அப்புறம் நவம்பரில் மூடுபனி. திச்சினோ ஆற்றின் மேல் கூரை போட்ட பாலம் ஒன்று உண்டு. போரில் குண்டு விழுந்து இடிந்ததை 1951இல் திரும்பக் கட்டினார்கள். பனி நாட்களில் அதில் நடந்தால் ஆறு இருப்பது சத்தத்தில்தான் தெரியும்.

சோறு கிடைக்குமா? – வாசகி, தஞ்சாவூர்

தஞ்சாவூர்க்காரர் கேட்டால் விரிவாகச் சொல்ல வேண்டும். இத்தாலியிலேயே அதிகம் நெல் விளைவது பாவியா மாவட்டத்தில். ஆனால் அந்த அரிசி குட்டையாக, மாவுச்சத்து வழிய இருக்கும். கிளறிக் கிளறி ரிசொத்தோ செய்யத்தான் அது சரி. நான் முதல் வாரம் அதைக் குக்கரில் வைத்து மூன்று விசில் விட்டேன், களி வந்தது. பிறகு மாதம் ஒருமுறை மிலானில் இலங்கைக்காரர் கடைக்குப் போய் அரிசியும் புளியும் தூக்கி வந்தேன்.

வசந்தத்தில் ரயிலில் போனால் இருபுறமும் தண்ணீர் கட்டிய வயல். வீடியோ அழைப்பில் அப்பாவுக்குக் காட்டினேன். நாற்று நடுவது யார் என்றார். இப்போது இயந்திரம் விதைக்கிறது. முன்பு 'மொந்தினே' என்ற பெண்கள் வெளியூர்களிலிருந்து வந்து முழங்கால் தண்ணீரில் குனிந்து நட்டார்கள், களை பறித்தார்கள், பாடினார்கள் என்றேன். தண்ணீர் எங்கிருந்து என்றார். ஆல்ப்ஸ் பனி உருகி ஆறாகி வாய்க்காலில் வருகிறது என்றேன். "அப்ப யார்கிட்டயும் கேட்டு நிக்க வேண்டாம்னு சொல்லு" என்றார், காவிரிக்காரர்.

அது 2022. அந்தக் கோடையில் மலையில் பனியும் இல்லை, மழையும் இல்லை. அந்தப் பக்கத்துப் பெரிய ஆறான 'போ'வே இளைத்து, நெல் வயல்கள் காய்ந்தன. வெடித்த வயல் ஒன்றைப் படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். வெகுநேரம் கழித்து ஒரு வரி வந்தது: "வெடிப்புல கையை விட்டுப் பாத்தியா, எவ்வளவு ஆழம் போகுது?"