பட்டறைப் பதில்கள்: சுப்ராவில் கிளட்ச் வைக்கலாமா?

கேள்வி: லண்டனிலிருந்து என் மாமா கொண்டுவந்த 1989 மாடல் டொயோட்டா சுப்ரா இப்போது என்னிடம் இருக்கிறது. 3 லிட்டர், டர்போ கிடையாது, ஆட்டோமேட்டிக். சிறுமலை ஏற்றத்தில் எஞ்சின் மட்டும் உறுமுகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது. கியர்பாக்ஸை மாற்றி மேனுவல் ஆக்கிவிடலாம், நாலு நாள் வேலை என்கிறார் ஒரு மெக்கானிக். செய்யலாமா?
வாசகர், திருமங்கலம்

பதில்: செய்யலாம் தம்பி. நாலு நாளில் முடியாது.

முதலில் வண்டியில் இருக்கிற கியர் பெட்டியைப் பாருங்கள். அது ஏ340இ, நாலு கியர், லேசில் சாகாத சாமான். எஞ்சின் நன்றாகச் சூடானதும் ஐடிலில் ஓடவிட்டு, டிப்ஸ்டிக்கை உருவி வெள்ளைத் துணியில் துடையுங்கள். ஆயில் சிவப்பாக இருந்தால் பிழைத்தீர்கள். கருத்துப்போய் தீய்ந்த வாடை அடித்தால் உள்ளே பிளேட்டெல்லாம் கருகியிருக்கும். ஆயில் சரியென்றால், த்ராட்டிலிலிருந்து கியர்பாக்ஸுக்கு ஒரு கேபிள் போகும், அதைப் பாருங்கள். தொய்ந்திருந்தால் ஆயில் பிரஷர் இறங்கி ஏற்றத்தில் வழுக்கும். அதை இழுத்து வைப்பது ஒரு ஸ்பேனர் வேலைதான்.

இல்லை, கியர் போட்டு ஓட்டும் ஆசை என்றால் அது வேறு கதை. எனக்கும் அந்த ஆசை புரியும். இதே எஞ்சினுக்குக் கம்பெனியே கொடுத்த ஐந்து கியர் பெட்டி டபிள்யூ58. வேறு டொயோட்டாக்களிலும் அது வந்திருப்பதால், உங்கள் வண்டியின் 7எம் எஞ்சினுக்குரிய பெல் ஹவுசிங்தானா (பெட்டியை எஞ்சினோடு இணைக்கும் மணி வடிவ மூடி) என்று பார்த்து வாங்க வேண்டும். பெட்டி கிடைத்துவிடும், பணத்தைத் தின்பது சில்லறைச் சாமான்கள்தான். ஃப்ளைவீல், அதற்குரிய போல்ட், கிளட்ச் செட், கிராங்க் முனையில் உட்காரும் பைலட் பேரிங், கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர், கீழே ஸ்லேவ் சிலிண்டர், மூன்று பெடல் உள்ள பெடல் செட், கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டம். இதையெல்லாம் புதுப்பேட்டையில் ஒவ்வொன்றாகத் தேடினால் வண்டி வருஷக்கணக்கில் ஜாக்கி மேலேயே நிற்கும். மாமாவின் லண்டன் தொடர்பு இன்னும் இருந்தால், அங்கே உடைக்கும் ஒரே மேனுவல் சுப்ராவிலிருந்து முழு செட்டாகக் கேளுங்கள். இல்லாவிட்டால் ஆரம்பிக்காதீர்கள்.

கியர்பாக்ஸிலிருந்து பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஜாயிண்ட் ஷாஃப்ட்டின் நீளம் ஒத்துவராமல் போனால் லேத்தில் வெட்டி ஒட்டலாம். ஒட்டியபின் கட்டாயம் பேலன்ஸ் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் ரிங் ரோட்டில் கொஞ்சம் வேகம் பிடித்ததுமே சீட் அதிரும்.

வயரிங்கில்தான் எல்லோரும் சோம்பேறித்தனம் பண்ணுவார்கள். ஆட்டோமேட்டிக் லிவர் பார்க்கிலோ நியூட்ரலிலோ இருந்தால்தான் ஸ்டார்ட்டர் சுற்றும். பெட்டியைக் கழற்றியதும் இந்தக் காவலுக்காகப் பெட்டியிலிருந்து ஸ்டார்ட்டருக்குப் போகும் இரண்டு வயரை முறுக்கி டேப் சுற்றிவிட்டு, ‘ஸ்டார்ட் ஆகுதுல்ல’ என்பார்கள். கியரில் நிற்கும் வண்டிக்குச் சாவி திருப்பினால் அப்படியே பாயும். முன்னால் சுவர் இருக்கிறதோ பிள்ளை நிற்கிறதோ! அந்த வயரைக் கிளட்ச் பெடலில் ஒரு ஸ்விட்ச் வழியாகக் கொண்டுபோகச் சொல்லுங்கள். ரிவர்ஸ் லைட்டையும் புதுப் பெட்டி ஸ்விட்சுக்கு மாற்ற வேண்டும். பழைய ஈசியூ, அதாவது எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர் பெட்டி, இல்லாத ஆட்டோ பெட்டியைத் தேடிக்கொண்டிருக்கும். மேனுவல் ஈசியூவும் செட்டில் இருக்கட்டும்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. 7எம் எஞ்சினின் பரம்பரை வியாதி ஹெட் கேஸ்கட், அதாவது எஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடு, போய்விடுவது. கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், கியர்பாக்ஸை விட்டுவிட்டு அதைப் பாருங்கள். வேலை தொடங்குமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் கேட்டுவிடுங்கள். வண்டியில் மாற்றம் செய்வதற்கு 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கட்டுப்பாடு வைத்திருக்கிறது.

கேள்வி: பேட்டரி இறங்கிய ஆட்டோமேட்டிக் காரைத் தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா?
வாசகி, மேலூர்

பதில்: முடியாதம்மா. எஞ்சின் ஓடினால்தான் உள்ளே இருக்கும் பம்ப் சுற்றி ஆயில் பிரஷர் வரும்; பிரஷர் இல்லாமல் கியர் பிடிக்காது. நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்லாமல், ஜம்பர் கேபிள் ஒன்று வாங்கி டிக்கியில் போட்டுவையுங்கள்.