சுரைக்குடுக்கையின் இடுப்பு: வடிவியல் பகுப்பாய்வு பற்றிச் சில கேள்விகள்

பாளையங்கோட்டை, பி.எஸ்சி. மாணவி: ஐயா, வகைக்கெழுச் சமன்பாட்டை வைத்து வடிவங்களை எப்படி ஆராய்கிறீர்கள்?

தோசைக்கல்லின் நடுவில் மட்டும் சூடேறியிருந்தால், அடுப்பை அணைத்த பின்னும் அந்தச் சூடு ஓரங்களுக்குப் பரவிக் கல் முழுவதும் சீராகிக்கொண்டே வரும். ஒன்று எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று சொல்வதே வகைக்கெழுச் சமன்பாடு. சூடு பரவுவதைச் சொல்லும் வெப்பச் சமன்பாட்டைக் கணித அறிஞர் ஃபூரியே 1822-இல் வெளியான தம் நூலில் விரித்துரைத்தார். அந்தச் சமன்பாட்டில் வெப்பநிலைக்குப் பதிலாக வடிவத்தின் வளைவை வைத்தால், மிகுதியாக வளைந்த இடம் விரைந்து அடங்கும். வடிவத்தை இப்படிச் சமன்பாட்டிடம் ஒப்படைத்து, அது எங்கே போய் நிற்கிறது என்று பார்ப்பது வடிவியல் பகுப்பாய்வு என்னும் எங்கள் துறையின் ஒரு பெரும்பகுதி.

அம்பாசமுத்திரம், பள்ளி ஆசிரியர்: வகுப்பில் செய்து காட்ட ஏதேனும் உண்டா?

உண்டு, அவசியம் செய்யுங்கள். ஒரே அளவுள்ள இரண்டு வளையல்களைச் சேர்த்துச் சோப்புக் கரைசலில் முக்கியெடுத்து, மெல்ல விலக்குங்கள். நடுவே வட்டப் படலம் ஒன்று நின்றால், உலர்ந்த விரலால் அதை மட்டும் உடைத்துவிடுங்கள். உடனே உடுக்கைபோல் இடை ஒடுங்கிய படலம் தெரியும். தொங்கும் சங்கிலியின் கோட்டைச் சுழற்றினால் கிடைக்கும் இந்தப் பரப்பைக் கணித அறிஞர் ஆய்லர் 1744-இல் கண்டார். இடைவெளி விட்டத்தில் ஏறக்குறைய 0.66 பங்கைத் தாண்டியதும், அதாவது 6 செ.மீ. வளையலுக்கு 4 செ.மீ. அளவில், படலம் அறுந்து வளையலுக்கு ஒரு தட்டாக ஒட்டிக்கொள்ளும். அதற்கு மேல் சமன்பாட்டுக்கு அத்தகைய தீர்வே கிடையாது என்பதுதான் காரணம்.

தென்காசி, ஆய்வு மாணவர்: தங்கள் ஆய்வு எதைப் பற்றியது?

அந்த அறுதலைப் பற்றியதுதான். தளத்தில் தன்னைத்தானே வெட்டாத மூடிய கோடு எவ்வளவு நெளிந்திருந்தாலும், அதன் ஒவ்வொரு புள்ளியையும் அங்குள்ள வளைவுக்கேற்ற வேகத்தில் நகரவிட்டால் வட்டத்தை நெருங்கிச் சுருங்கும் என்று கணித அறிஞர் கிரேசன் 1987-இல் நிறுவினார். பரப்புகளுக்கு இது பொருந்தாது. இடுப்பு மிகவும் சிறுத்த சுரைக்குடுக்கையை அப்படி நகரவிட்டால், இரு குடங்களும் உருண்டு சுருங்குவதற்கு முன்பே இடுப்பு அறுந்துவிடும். ஒரு வெளியின் தூர அளவுகளையே அதன் வளைவுக்கேற்ப மாற்றிச் செல்லும் ரிச்சிப் பாய்வைக் கணித அறிஞர் ஹாமில்டன் 1982-இல் அறிமுகப்படுத்தினார்; அதிலும் இதே இடர் உண்டு. கணித அறிஞர் பெரல்மான் 2002, 2003-ஆம் ஆண்டுக் கட்டுரைகளில் அறும் இடங்களின் வடிவங்களைக் கண்டறிந்து, அங்கே வெட்டி மூடிப் பாய்வைத் தொடரச் செய்து, எந்தக் கண்ணியையும் ஒரு புள்ளியாகச் சுருக்க முடிகிற மூடிய முப்பரிமாண வெளி முப்பரிமாணக் கோளமேதானா என்று 1904-இல் பொவான்காரே எழுப்பிய கேள்விக்கு விடை கண்டார். அறும் கணத்துக்குச் சற்று முன் வளைவு எவ்வளவு வேகமாகப் பெருகுகிறது என்பதைத்தான் நான் பல ஆண்டுகளாகக் கணக்கிட்டு வருகிறேன். இதைவிட அழகான வேலை எனக்குத் தெரியாது.

வள்ளியூர், பிளஸ் டூ மாணவியின் தாயார்: பெண் பிள்ளைகள் இத்துறைக்கு வரலாமா?

தாராளமாக வரலாம், அம்மா. இத்துறையை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரன் உலென்பெக் 2019-இல் கணிதத்துக்கான ஆபெல் பரிசு பெற்றார். அதைப் பெற்ற முதல் பெண் அவர். உங்கள் மகள் இப்போதைக்கு நுண்கணிதத்தை நன்றாகப் படிக்கட்டும்.