ஓடும் குண்டை நிறுத்தியது எது?

கேள்வி: நான்காம் வகுப்புக்கு விசை, இயக்கம், காந்தம் ஆகிய பாடங்களை நடத்துகிறேன். வரையறைகளைப் பிழையின்றி ஒப்பிக்கும் மாணவர்கள்கூட, விசை தீர்ந்துபோனதால் பந்து நின்றது என்றும், காந்தம் எல்லா உலோகங்களையும் இழுக்கும் என்றும் எழுதுகிறார்கள். இதை எப்படிச் சரிசெய்வது?

பதில்: முதல் பிழையைக் கவனக்குறைவு என்று கருத வேண்டாம். தள்ளினால் நகரும், தள்ளாவிட்டால் நிற்கும் என்பதே அன்றாட அனுபவம். அரிஸ்டாட்டிலும் ஏறத்தாழ அப்படித்தான் எண்ணினார். நியூட்டன் தம் இயக்க விதிகளை வெளியிட்டது 1687-இல்தான் என்பதை நினைத்தால், ஒன்பது வயதுக் குழந்தைமீது நமக்குப் பொறுமை வரும். இங்கே மாற்ற வேண்டியது கேள்வியை. குண்டை ஓடவைப்பது எது என்று கேட்டால் அவர்கள் உள்ளே ஒரு விசையைக் கற்பனை செய்வார்கள். நிறுத்தியது எது என்று கேட்டால் தரையைப் பார்ப்பார்கள்.

சாய்வாக வைத்த பலகையின் ஒரே உயரத்திலிருந்து ஓர் எஃகுக் குண்டை உருளவிட்டு, அது துண்டின்மீதும், வெறுந்தரையிலும், கண்ணாடிப் பரப்பிலும் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று அளக்கச் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் உருட்டுவதற்கு முன்பே மாணவர்கள் தம் கணிப்பை எழுதிவிட வேண்டும். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். எழுதாத கணிப்பு, விடை தெரிந்தவுடன் சத்தமில்லாமல் மாறிவிடும். தடை குறையக் குறையத் தூரம் கூடுவதைக் கண்டபின் உராய்வு என்ற சொல்லை அறிமுகம் செய்தால் போதும்.

அடுத்து, குண்டு ஓடும் வழிக்குச் சற்றுத் தள்ளி ஒரு காந்தத்தை வையுங்கள். மிக அருகில் வைத்தால் குண்டு ஒட்டிக்கொள்ளும் என்பதால் தக்க இடைவெளியை முந்தைய நாளே சோதித்துக்கொள்ளுங்கள். தொடாமலேயே பாதை வளைவதைப் பார்க்கும் மாணவர், விசை என்பது வேகத்தை மட்டுமன்றித் திசையையும் மாற்றும் என்பதைத் தாமே சொல்லிவிடுவார். பிறகு கண்ணாடிக் கோலியை உருட்டுங்கள், அது வளையாது.

இரண்டாம் பிழைக்கான வழி அங்கேயே திறக்கிறது. இரும்பு ஆணி, அலுமினியத் தாள், செம்புக் கம்பி, பித்தளைச் சாவி ஆகியவற்றைச் சோதிக்கும்போது ஆணி மட்டுமே ஒட்டும். எவர்சில்வர் கரண்டிகளில் சில ஒட்டும், சில ஒட்டா. உலோகக் கலவை வேறுபடுவதே காரணம். இழுக்கப்படுவதால் மட்டும் ஒரு பொருள் காந்தமாகிவிடாது, விலக்குதலே உறுதியான சோதனை என்பதையும் இரு காந்தங்களைக் கொண்டு காட்டிவிடுங்கள்.

பொத்தான் அளவிலான வலிமை மிக்க காந்தங்களை வகுப்பில் பயன்படுத்த வேண்டாம். ஒன்றுக்கு மேற்பட்டவற்றை விழுங்கினால் அவை குடல் சுவர்களுக்கிடையே ஒன்றையொன்று இழுத்துத் துளையிடக்கூடும். பெரிய சட்டக் காந்தமே இந்தச் சோதனைகளுக்குப் போதும்.