சிக்னலில் நடுங்கும் பழைய கார்: எஞ்சினைப் பிரிப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: நான் விருதுநகரில் வசிக்கிறேன். 2009ஆம் ஆண்டு மாடல், நான்கு சிலிண்டர், 1.1 லிட்டர் பெட்ரோல் கார் ஒன்றைச் சென்ற ஆண்டு பழைய கார் வியாபாரி ஒருவரிடம் 1,65,000 ரூபாய்க்கு வாங்கினேன். சாலையில் நன்றாகவே ஓடுகிறது. ஆனால் சிக்னலில் நின்றால் ஸ்டீயரிங்கும் இருக்கையும் நடுங்குகின்றன, ஏ.சி. போட்டிருந்தால் சில சமயம் எஞ்சின் அணைந்தும் விடுகிறது. ஒரு ஒர்க்ஷாப்பில் த்ராட்டில் பாடி போய்விட்டது என்று சொல்லிப் பழைய சாமான் ஒன்றை மாட்டி 6,500 ரூபாய் வாங்கினார்கள். பில் தரவில்லை, நடுக்கமும் நிற்கவில்லை. இன்னோர் இடத்தில் எஞ்சின் வேலை செய்தாக வேண்டும், 45,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். செய்யலாமா? விற்ற வியாபாரி மீது புகார் கொடுக்க முடியுமா?

பதில்: செய்ய வேண்டாம், குறைந்தபட்சம் இப்போது வேண்டாம். சாலையில் நன்றாக ஓடுகிறது, நின்ற இடத்தில்தான் நடுங்குகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதே எஞ்சின் வேலைக்கு எதிரான முதல் சாட்சி. பிஸ்டனைச் சுற்றி அடைப்பாக இருக்கும் ரிங் தேய்ந்த எஞ்சின், நிற்கும்போது மட்டும் தன் குறையைக் காட்டுவதில்லை. மேட்டில் இழுவை குறையும், ஆயில் குறைந்துகொண்டே வரும், ஆக்சிலரேட்டரை விட்டு மீண்டும் மிதிக்கும்போது நீலப்புகை வரும். இவற்றில் ஒன்றையும் நீங்கள் குறிப்பிடவில்லை.

ஸ்லோ ஸ்பீடில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் நிற்கும்போது, எஞ்சின் நிமிடத்திற்குச் சுமார் 800 சுற்றுகள்தான் சுற்றுகிறது. அப்போது த்ராட்டில், அதாவது எஞ்சினுக்குக் காற்று போகும் வழியைத் திறந்து மூடும் தகடு, ஏறக்குறைய மூடியிருக்கும். உள்ளே போகும் காற்று மிகக் குறைவு. வெடித்த ரப்பர்க் குழாய் ஒன்றின் வழியாகக் கணக்கில் வராத காற்று சிறிதளவு நுழைந்தாலும், அந்தக் குறைந்த அளவில் அது பெரிய பங்காகிவிடுவதால் பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவை கெட்டுச் சிலிண்டர் ஒழுங்காக எரிவதில்லை. வேகம் எடுத்ததும் த்ராட்டில் வழியாக ஏராளமான காற்று வருவதால் இதே கசிவு தெரியாமல் போய்விடுகிறது. உங்கள் கார் காட்டும் குணம் பெரும்பாலும் இதுதான், அல்லது தீப்பொறி சரியாக விழாத பிளக்கின் குணம்.

ஆனால் அதற்கும் முன்னால் ஒன்றைத் தீர்மானிக்க வேண்டும்: நடுங்குவது எஞ்சினா, அல்லது நன்றாக ஓடும் எஞ்சினின் இயல்பான அதிர்வு, எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர் தேய்ந்து, அதன் வழியாக உங்கள் இருக்கைக்கு வந்து சேருகிறதா? பதினைந்து ஆண்டைத் தாண்டிய கார்களில் மவுண்டிங் ரப்பர் அமுங்கியோ கிழிந்தோ போயிருப்பது மிகவும் சகஜம். எஞ்சின் சூடான பிறகு, ஏ.சி.யை அணைத்துவிட்டு, சைலன்ஸர் வாய்க்கு ஒரு சாண் தள்ளி ஒரு துண்டுச் செய்தித்தாளைப் பிடித்துப் பாருங்கள். தாள் ஒரே சீராகப் படபடத்தால் நான்கு சிலிண்டரும் எரிகின்றன என்று கொள்ளலாம். பழி மவுண்டிங்கின் மேல் விழுகிறது. படபடப்பு இடையிடையே தடைப்பட்டால் எஞ்சினில் மிஸ்ஸிங் உண்டு, அதாவது ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை. தாள் அவ்வப்போது உள்நோக்கி இழுபட்டால் எக்ஸாஸ்ட் வால்வு சரியாக மூடவில்லை என்று சந்தேகிக்க வேண்டும். ஏ.சி. போட்டால் அணைந்துவிடுகிறது என்பதால் உங்களுக்கு மவுண்டிங் மட்டுமே காரணமாக இருக்காது என்று நினைக்கிறேன், இரண்டும் சேர்ந்திருக்கலாம்.

அடுத்து, பலரும் மறந்துவிடும் ஒரு மலிவான பரிசோதனை இருக்கிறது. புகைச் சான்று எடுக்கும்போது தரும் தாளைத் தூக்கிப் போடாமல் படியுங்கள். பாரத் ஸ்டேஜ் 2, 3 என்ற அரசின் புகைத் தரங்களில் வந்த பெட்ரோல் கார்களுக்கு, ஸ்லோ ஸ்பீடில் கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதத்துக்குள்ளும் ஹைட்ரோகார்பன் 750 பி.பி.எம்.முக்குள்ளும் (பத்து லட்சத்தில் 750 பங்கு) இருக்க வேண்டும் என்பது விதி. ஹைட்ரோகார்பன் என்பது எரியாமல் வெளியே வரும் பெட்ரோல். அது மட்டும் உயர்ந்து, கார்பன் மோனாக்சைடு குறைவாக இருந்தால் தீப்பொறிக் கோளாறு அல்லது காற்றுக் கசிவு. இரண்டும் சேர்ந்து உயர்ந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரையோ சென்சாரையோ பார்க்க வேண்டும். எஞ்சினை உண்மையிலேயே ஸ்லோவில் விட்டு அளக்கச் சொல்லுங்கள். வண்டியைப் பார்த்த மாத்திரத்தில் சான்று அச்சிட்டுத் தரும் மையத்தின் தாள் இதற்கு உதவாது.

இனி மெக்கானிக்கின் வேலை. பானெட்டைத் திறந்து, த்ராட்டில் பாடிக்கும், காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துத் தரும் இன்டேக் மேனிஃபோல்டுக்கும் வந்து சேரும் ரப்பர்க் குழாய்களை ஒவ்வொன்றாக வளைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். குழாயின் மேற்புறம் நன்றாகத் தெரியும். வெடிப்பு பெரும்பாலும் அடிப்புறத்திலோ கிளிப் பிடித்திருக்கும் ஓரத்திலோ இருக்கும், விரலால் மடித்தால்தான் வாய் திறக்கும். நம் ஊர் வெயிலும் எஞ்சின் சூடும் சேர்ந்து ரப்பரைக் காய்ந்த அப்பளம் போல் ஆக்கிவிடுகின்றன. பிரேக் மிதியை இலகுவாக்கும் பூஸ்டருக்குப் போகும் தடித்த குழாயைத் தனியாகக் கவனியுங்கள். எஞ்சினை அணைத்துவிட்டுப் பிரேக்கை நான்கைந்து முறை மிதித்து, கடைசி மிதியில் காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்தால் பெடல் சற்றுக் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றாலோ, மிதிக்கும்போது ‘உஸ்’ என்ற ஓசை கேட்டாலோ கசிவு அங்கேதான். அது நடுக்கத்தோடு நிற்கும் விஷயமல்ல, பிரேக் சம்பந்தப்பட்டது, அன்றைக்கே சரிசெய்ய வேண்டும். கசிவைக் கண்டுபிடிக்கச் சிலர் ஓடும் எஞ்சின்மேல் கார்புரேட்டர் கிளீனரைத் தெளிப்பார்கள். அது தீப்பிடிக்கும் திரவம். சோப்புத் தண்ணீர் தெளித்தாலே போதும். கசிவு இருக்கும் இடத்தில் தண்ணீர் உறிஞ்சப்பட்டு எஞ்சின் ஓசை மாறும்.

குழாய்கள் நன்றாக இருந்தால் எந்தச் சிலிண்டர் குற்றவாளி என்று பார்க்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது இன்ஜெக்டர்களின் மின் இணைப்பை ஒவ்வொன்றாகச் சில விநாடிகள் கழற்றி மாட்டினால், வேலை செய்யும் சிலிண்டராக இருந்தால் எஞ்சின் இன்னும் தடுமாறும். கழற்றியும் எந்த மாற்றமும் இல்லையென்றால் அந்தச் சிலிண்டர் ஏற்கெனவே சும்மா இருக்கிறது என்று பொருள். பழைய மெக்கானிக்குகள் இதற்குப் பிளக் வயரைப் பிடுங்குவார்கள். கார்புரேட்டர் வண்டியில் அது செல்லும். உங்கள் வண்டியில் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் அதைக் கெடுக்கும், கையிலும் ஷாக் அடிக்கும். (ரேடியேட்டர் ஃபேன் எந்த நேரமும் தானாகச் சுற்றத் தொடங்கும் என்பதால் சட்டைக் கையை மடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.) அந்தச் சிலிண்டரின் பிளக்கைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் பாருங்கள், கோளாறும் கூடவே இடம்பெயர்ந்தால் பிளக்தான். பெயரவில்லையென்றால் பிளக் வயரை மாற்றிப் பாருங்கள். இதில் ஒரு ரூபாய்க்குக்கூடப் புதுச் சாமான் வாங்க வேண்டியதில்லை என்பதுதான் முக்கியம். கழற்றிய பிளக்கின் முனையையும் பார்த்துவிடுங்கள்: காய்ந்த கரியாக இருந்தால் பெட்ரோல் அதிகம், எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் ஆயில் மேலே ஏறுகிறது, வெளுத்திருந்தால் காற்று அதிகம்.

த்ராட்டில் பாடியைப் பற்றி: அதில் கரி படிவதும், ஸ்லோ ஸ்பீடைக் கட்டுப்படுத்தும் வால்வு அடைபடுவதும் உண்மையான காரணங்களே. ஏ.சி. கம்ப்ரஸர் இழுக்கும்போது கூடுதல் காற்றைத் திறந்துவிட்டு எஞ்சினைத் தாங்குவது அந்த வால்வுதான். ஆனால் அதைக் கழற்றித் துடைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். உங்களுக்கு மாட்டியது பழைய சாமான் என்பதால் அதிலும் கரி இருக்கக்கூடும். வால்வு கூடவே வந்ததா, உங்கள் பழையதையே மாட்டினார்களா என்று கேளுங்கள். துடைத்த பிறகு சில கார்களில் எஞ்சின் கம்ப்யூட்டர் புதிய நிலையைப் பழகிக்கொள்ளும்வரை ஸ்லோ ஸ்பீடு ஏறி இறங்கும். அதைப் புதுக் கோளாறு என்று எண்ணி இன்னொரு சாமானை மாற்றிவிட வேண்டாம்.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு சிலிண்டர் மட்டும் எழவில்லையென்றால்தான் கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் தருகிறது என்று அளப்பது. நான்கு சிலிண்டரின் எண்களையும் தாளில் எழுதி வாங்குங்கள். நல்ல பெட்ரோல் எஞ்சினில் இது பொதுவாக 150 முதல் 180 பி.எஸ்.ஐ. வரை இருக்கும், எண்ணைவிட நான்கும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருப்பதே முக்கியம். ஒன்று மட்டும் மிகவும் குறைந்தால் அதில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். எண் உயர்ந்தால் ரிங், உயராவிட்டால் வால்வு அல்லது எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கட். வால்வு மட்டும் என்றால் ஹெட்டைக் கழற்றிச் செய்யும் வேலையோடு முடியும். முழு எஞ்சினையும் இறக்க வேண்டியதில்லை. 45,000 ரூபாய் கேட்டவர் இந்த நான்கு எண்களைக் காட்டினாரா? காட்டாதவரிடம் எஞ்சினைப் பிரிக்கக் கொடுக்காதீர்கள்.

வியாபாரி விஷயத்தில் உங்களுக்கு அதிக நம்பிக்கை தர மனம் வரவில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். உங்கள் தொகைக்குக் கட்டணமும் கிடையாது. ஆனால் ஓடிப் பழகிய காரின் தேய்மானம் குறைபாடு ஆகிவிடாது. விற்கும்போதே குறை இருந்தது, தெரிந்தே மறைத்தார் என்று காட்ட வேண்டும். எழுத்தில் உத்தரவாதம் தந்திருந்தாலோ, கிலோமீட்டரைக் குறைத்துக் காட்டியது நிரூபணமானாலோ உங்கள் பக்கம் வலுவாகும். பில் தராத ஒர்க்ஷாப் விஷயம் வேறு. பில் தர மறுப்பது அந்தச் சட்டத்தின் கீழ் நேர்மையற்ற வணிக நடைமுறை. முதலில் எழுத்து மூலம் பில் கேளுங்கள், பணம் அனுப்பிய யு.பி.ஐ. பதிவைப் பத்திரப்படுத்துங்கள், மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அப்படியே கழற்றிய பழைய த்ராட்டில் பாடியையும் திருப்பிக் கேளுங்கள். அது உங்கள் பொருள்.

கேள்வி: இதே மாதிரி நடுக்கத்துக்காக, கைப்பேசியோடு இணையும் சிறிய ஸ்கேனர் கருவி ஒன்றை வாங்க நினைக்கிறேன். 2008 மாடல் காருக்குப் பயன்படுமா? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: வாங்குவதற்கு முன், அதே கருவி வைத்திருக்கும் ஒருவரிடம் இரவல் வாங்கி மாட்டிப் பாருங்கள். இந்தியாவில், காரின் கம்ப்யூட்டர் கோளாறுகளைப் பொதுவான குறியீடுகளில் சொல்லும் ஓ.பி.டி. 2 முறை 2013 ஏப்ரலில்தான் கட்டாயமானது. அதற்கு முந்தைய கார்களில் ஸ்டீயரிங்குக்குக் கீழே அதே வடிவத்தில் சாக்கெட் இருந்தாலும், உள்ளே நிறுவனத்தின் சொந்த முறையில் பேசும் கம்ப்யூட்டர் இருக்கலாம். மலிவான கருவி இணையவே இணையாது. அத்தகைய காருக்கு, அந்த நிறுவனத்தின் வண்டிகளைப் படிக்கும் ஸ்கேனர் வைத்திருக்கும் ஒர்க்ஷாப்பில் ஒரு முறை பார்த்துக்கொள்வதே மேல். இணைந்தாலும், பி 0301 என்ற குறியீடு வந்தால் முதல் சிலிண்டரில் மிஸ்ஸிங் என்று மட்டும்தான் அது சொல்கிறது. ஏன் என்று சொல்வதில்லை. பிளக்கா, வயரா, இன்ஜெக்டரா, வால்வா என்பதை மேலே சொன்னபடி மாற்றி மாற்றித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கேள்வி: பெட்ரோலில் கலக்கும் கிளீனர் பாட்டிலும், எஞ்சினுக்குள் படிந்த கரியை நீக்கும் ‘டீகார்பனைசிங்’கும் நடுக்கத்தைப் போக்குமா?

பதில்: இன்ஜெக்டரில் படிவு இருந்தால் கிளீனர் ஓரளவு உதவும், கிழிந்த குழாயையும் செத்த பிளக்கையும் எந்தத் திரவமும் சரிசெய்யாது. காரணம் தெரிவதற்கு முன்பே டீகார்பனைசிங் செய்துகொள்ளச் சொல்லும் இடத்தில், அதனால் எது மாறும் என்று அளந்து காட்ட முடியுமா என்று கேளுங்கள்.

கேள்வி: பழைய கார் வாங்கப் போகும்போது இந்தக் கோளாறை முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: நீங்கள் வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று விற்பவரிடம் சொல்லிவிட்டு, காலையில் போங்கள். பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் சற்று வேகமாகச் சுற்றி, சூடேறச் சூடேறத் தானாக இறங்கி, ஒரே இடத்தில் நிற்க வேண்டும். பிறகு ஏ.சி., ஹெட்லைட் இரண்டையும் போட்டு ஸ்டீயரிங்கைத் திருப்புங்கள். ஒரு கணம் தணிந்து மீண்டால் சரி. நன்றாகச் சூடான பிறகும் 1,100, 1,200 சுற்றில் நின்றால் நடுக்கத்தை மறைக்க ஸ்லோ ஸ்பீடை ஏற்றி வைத்திருக்கிறார்களோ என்று சந்தேகப்படுங்கள். மாருதி 800, பழைய ஆல்டோ போன்ற மூன்று சிலிண்டர் கார்கள் இயல்பிலேயே சற்று அதிரும். அதற்காக நல்ல வண்டியை விட்டுவிட வேண்டாம், அதே மாடல் இன்னொன்றில் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். எல்.பி.ஜி. கிட் மாட்டியிருந்த வண்டி என்றால், பெட்ரோலிலும் எரிவாயுவிலும் தனித்தனியாக ஓடவிட்டுக் கேட்டபின் விலை பேசுங்கள்.