சென்னையிலிருந்து வின்னிபெக் வரும் தம்பிக்கு

ஜனவரியில் கனடாவின் வின்னிபெக்கில் படிக்க வருவதாகச் சொல்லி, சென்னையிலிருந்து டொராண்டோ எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம், அங்கே விமானம் மாற 2 மணி நேரம் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள் தம்பி.

நேர்வழியில் அளந்தால் சுமார் 13,400 கிலோமீட்டர். நேரடி விமானம் கிடையாது. துபாய் வழியென்றால் அதுவரை 4 மணி நேரத்துக்கு மேல், அங்கிருந்து ஏறக்குறைய 14. காத்திருப்பையும் சேர்த்தால் ஒரு நாள் போய்விடும். குளிர்காலத்தில் டொராண்டோ பத்தரை மணி நேரம் பின்னால் இருப்பதால், சனிக்கிழமை விடியற்காலை கிளம்பியவர் சனிக்கிழமை பிற்பகலே இறங்கலாம்.

சரி, அந்த 2 மணி நேரத்துக்கு வருகிறேன். போதவே போதாது. கனடாவில் முதலில் இறங்கும் ஊரில்தான் இமிகிரேஷன். புதிதாக வரும் மாணவரைத் தனியாக உட்கார வைப்பார்கள். நாலைந்து விமானம் சேர்ந்து வந்திருந்தால் வரிசை நகரவே நகராது. அதிகாரி கல்லூரிக் கடிதம், பணத்துக்கான தாள்கள் எல்லாம் பார்த்த பிறகுதான் ஸ்டடி பர்மிட்டை, அதாவது படிப்பதற்கான அனுமதித் தாளை, அச்சடித்துத் தருவார். அதில் பெயரும் காலாவதித் தேதியும் சரியா என்று கவுன்டரை விட்டு நகர்வதற்கு முன்பே பாருங்கள். அப்புறம் பெட்டிகளை எடுத்து, கஸ்டம்ஸ் தாண்டி, பெரும்பாலும் மறுபடி ஒப்படைக்கவும் வேண்டும்.

எனக்கு டிக்கெட் போட்ட ஏஜென்ட், மலிவு என்று சொல்லி இரண்டு பயணத்தையும் தனித்தனி டிக்கெட்டாகப் போட்டிருந்தார். நான் பர்மிட்டுக்காக உட்கார்ந்திருக்கும்போதே வின்னிபெக் விமானம் போய்விட்டது. தனி டிக்கெட் என்பதால் யாருக்கும் பொறுப்பில்லை. முதல் மாத வாடகைக்கு வைத்திருந்த பணத்தில் புது டிக்கெட் வாங்கினேன். அன்றிரவு முழுக்க டொராண்டோவின் பியர்சன் விமான நிலைய நாற்காலியில், இரண்டு பெட்டிகளின் கைப்பிடியையும் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். வாசல் கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளே வந்த காற்றுக்கு என் ஜெர்கின் ஒரு பொருட்டாகவே இல்லை. இன்று மைனஸ் 30-லும் கார் எஞ்சினைச் சூடாக வைக்கும் பிளாக் ஹீட்டரின் பிளக்கைக் கழற்றி, கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிவிட்டு நேரத்துக்கு வேலைக்குப் போகிறேன். அந்த ராத்திரி யாராவது இதைச் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

"அதெல்லாம் சமாளிச்சுக்கலாம்" என்று இங்கே இருக்கும் நம்மவர்களே சொல்வார்கள். கேட்காதீர்கள். கனடா பாஸ்போர்ட்டை மெஷினில் வைத்துவிட்டு நடந்து போகிறவர்களுக்குப் புதிதாக வருகிறவரின் வரிசை மறந்துபோய் வெகுகாலம் ஆகிறது. அது எனக்கு உண்மையிலேயே கோபம் வரவைக்கும் விஷயம்.

வின்னிபெக் வரை ஒரே பி.என்.ஆரில், அதாவது ஒரே முன்பதிவில், போடச் சொல்லுங்கள். அப்போது தாமதத்தால் விமானம் தவறினாலும் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பாடு. டொராண்டோவில் குறைந்தது 4 மணி நேரம் விடுங்கள். கடிதங்கள் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும், தடியான கோட்டும் கையிலேயே. சீட், சாப்பாடு பற்றிக் கேட்டதெல்லாம் ஏறினால் தானே தெரிந்துவிடும்.