வேலையை விடுவதற்கு முன் கடதாசிகளைச் சேருங்கள்

தங்கச்சி, நீங்கள் கேட்டதை, பிரித்தானியாவில் வாட்டில் நிற்கிற நான், இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காகவும் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலையில் 4 வருடமாக வேலை செய்கிறீர்கள். கையில் மூன்று வருட தாதியர் டிப்ளோமா இருக்கிறது. 12 லட்சம் ரூபா கட்டினால் ஆறு மாதத்தில் இங்கிலாந்து, ஆங்கிலப் பரீட்சையே வேண்டாம் என்று ஒரு ஏஜென்சிக்காரர் சொல்கிறார். வேலையை விட்டுவிட்டு முழுமூச்சாக இதில் இறங்கலாமா, இத்தனை காலம் வாட்டில் நின்ற எங்களைத் திரும்பவும் ஏன் பரீட்சை எழுதச் சொல்கிறார்கள் என்பது உங்கள் கேள்வி.

காசைக் கட்டாதீர்கள். வேலையையும் இப்போதைக்கு விடாதீர்கள்.

வேலை தேடிக் கொடுப்பதற்காக வேலை தேடுகிறவரிடமே பணம் வாங்குவது பிரித்தானியாவில் 1973 ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஏஜென்சிக்குக் கூலி கொடுப்பது ஆள் எடுக்கும் வைத்தியசாலைதான். இலங்கைப் பக்கத்திலும், வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கும் எவரிடமும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்க வேண்டும். 1989 க்கு ஒரு கோல் எடுத்து ஏஜென்சியின் பெயரைச் சொன்னால் விசாரித்துக்கொள்ளலாம். ஆங்கிலப் பரீட்சை வேண்டாம் என்று ஒருவர் சொன்னால், உங்களைத் தாதியாக அனுப்பும் எண்ணம் அவருக்கு இல்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராக இறக்கிவிட்டு, பிறகு தாதியாக மாறலாம் என்பார்கள். அப்படி வந்து வருடக்கணக்காக அதே வேலையில் நிற்கும் நல்ல தாதிகளை எனக்குத் தெரியும். அவர்களை நினைத்தால் மனம் கொதிக்கும். இப்போது அந்த வழியும் இல்லை. வெளிநாட்டிலிருந்து புதிதாகப் பராமரிப்பாளர்களை எடுப்பதைப் பிரித்தானியா 2025 ஜூலை 22 உடன் நிறுத்திவிட்டது.

சரி, நேர் வழிக்கு வருவோம். பிரித்தானியாவில் தாதியாக வேலை செய்ய என்.எம்.சி. என்ற தாதியர், மருத்துவமாதர் சபையின் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். அதற்கு நாலு விடயம்: உங்கள் தகைமை, ஆங்கிலம், சி.பி.டி. என்ற கணினிப் பரீட்சை, ஒஸ்கி என்ற செய்முறைப் பரீட்சை. கடைசி ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கொழும்பில் சம்பளம் எடுத்துக்கொண்டே முடிக்கலாம். வேலையை விடாதீர்கள் என்று சொன்னது அதனால்தான். வேலை செய்யும் தாதியை நேர்முகத்தில் பார்க்கிற பார்வையும் வேறு.

எங்கள் ஆட்கள் மாதக்கணக்கில் மாட்டிக்கொள்வது பரீட்சையில் இல்லை, கடதாசியில். உங்கள் டிப்ளோமாவுக்கு இலங்கைத் தாதியர் சபையின் பதிவு இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த அந்தச் சபையின் பதிவுதான் நீங்கள் தாதி என்பதற்கு அத்தாட்சி. வைத்தியசாலை தானே பயிற்சி கொடுத்து, சீருடையும் கொடுத்து, நோயாளிகள் உங்களை 'மிஸ்' என்று கூப்பிட்டாலும், பதிவு இல்லாவிட்டால் வெளிநாட்டுச் சபைகளின் கண்ணுக்கு நீங்கள் தாதி இல்லை. பதிவு இருந்தால், நற்சான்றை அந்தச் சபை நேரடியாக என்.எம்.சி.க்கு அனுப்ப வேண்டும். நீங்கள் கொப்பி எடுத்து அனுப்புவது செல்லாது. விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்காமல், ஒஃப் நாளில் நேரே போய் அனுப்பிவிட்டார்களா என்று கேளுங்கள்.

இரண்டாவது, பெயர். ஓ.எல். சான்றிதழில் முதலெழுத்தோடு ஒரு பெயர், டிப்ளோமாவில் அப்பாவின் பெயர் பின்னால், கடவுச்சீட்டில் அது முன்னால், கல்யாணம் முடித்திருந்தால் இன்னொன்று. சுபாஷினி என்ற பெயரை ஆங்கிலத்தில் ஓரிடத்தில் எச் போட்டும் இன்னோரிடத்தில் போடாமலும் எழுதியிருப்பார்கள். எங்களுக்கு அது ஒரே ஆள். அங்கே கோப்பைப் பார்க்கிறவருக்கு இரண்டு பேர். எல்லாவற்றையும் மேசையில் பரப்பி எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். திருத்தக்கூடியதைத் திருத்துங்கள், மிச்சத்துக்கு இரண்டு பெயரும் ஒருவரே என்று சத்தியக்கடதாசி முடித்து வையுங்கள். தமிழில் உள்ள பிறப்புச் சான்றிதழைச் சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கும்போது கடவுச்சீட்டையும் கொண்டுபோய், அதிலுள்ள எழுத்துக்கூட்டலையே போடச் சொல்லுங்கள்.

மூன்றாவது, பயிற்சி விவரம். வெறும் புள்ளிப் பட்டியல் போதாது. மருத்துவம், சத்திரசிகிச்சை, மகப்பேறு, சிறுவர், மனநலம் என்று ஒவ்வொன்றிலும் வகுப்பில் எத்தனை மணி, வாட்டில் எத்தனை மணி என்று பிரித்து, கற்பித்த மொழியையும் குறிப்பிட்டு, பயிற்சிக் கல்லூரியின் கடிதத்தாளில் வாங்குங்கள். றிஜ்வே சிறுவர் வைத்தியசாலையிலும் காசல் வீதி மகளிர் வைத்தியசாலையிலும் அங்கொடை மனநல வைத்தியசாலையிலும் நின்ற கிழமைகள் உங்களுக்கு நினைவிருக்கும். கடிதத்தில் இல்லாவிட்டால் அவை நடக்காத மாதிரித்தான். இங்கிலாந்து இதை எந்த அளவுக்குக் கேட்டாலும், நாளைக்கு அமெரிக்காவுக்கோ கனடாவுக்கோ விண்ணப்பித்தால் அவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். கல்லூரியில் உங்களைத் தெரிந்த ஆட்கள் இருக்கும்போதே மூன்று நாலு பிரதிகள் எடுத்து வையுங்கள்.

ஆங்கிலத்துக்கு இரண்டு பரீட்சைகளில் ஒன்று. ஐ.ஈ.எல்.டி.எஸ். அகடமிக்கில் வாசிப்பு, கேட்டல், பேச்சு மூன்றிலும் 7, எழுத்தில் 6.5 வேண்டும். ஓ.ஈ.டி. என்றால் அந்த மூன்றிலும் பி, எழுத்தில் சி பிளஸ். ஒரே தடவையில் எல்லாம் வராவிட்டால், அதே பரீட்சையை 12 மாதத்துக்குள் இரண்டு தடவை எழுதிச் சேர்த்துக் காட்டலாம். ஆனால் ஐ.ஈ.எல்.டி.எஸ். என்றால், இரண்டு தடவையிலும் எந்தப் பகுதியும் கேட்ட அளவிலிருந்து அரைப் புள்ளிக்கு மேல் இறங்கியிருக்கக் கூடாது. ஓ.ஈ.டி.க்குக் கட்டணம் கூட. என்றாலும் வாட்டில் நிற்கிறவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஐ.ஈ.எல்.டி.எஸ்.ஸில் நகரப் போக்குவரத்தைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டி வரலாம். ஓ.ஈ.டி.யில் ஒரு நோயாளியின் குறிப்புகளைத் தந்து, அவரைப் பொறுப்பேற்கப் போகும் தாதிக்கோ டொக்டருக்கோ கடிதம் எழுதச் சொல்வார்கள். வாசிக்க 5 நிமிடம், எழுத 40 நிமிடம். குறிப்பில் வேண்டாத விடயங்களையும் கலந்து வைத்திருப்பார்கள். காலில் புண்ணோடு வீட்டுக்குப் போகிறவரின் கடிதத்தில், பத்து வருடத்துக்கு முந்திய அப்பண்டிக்ஸ் சத்திரசிகிச்சைக்கு இடமில்லை. சீனி வருத்தத்துக்கும், மருந்து கட்டும் முறைக்கும், அவர் தனியாக வசிக்கிறார் என்பதற்கும் இடம் உண்டு. வாட்டில் சுருக்கெழுத்தாக எழுதிப் பழகிய கை முழு வசனம் எழுதத் தடுமாறும். தினமும் டியூட்டி முடிந்து, அன்று பார்த்த ஒரு நோயாளிக்கு மனதில் உள்ளதை வைத்து ஒரு கடிதம் எழுதுங்கள், பெயர் விவரம் எதுவும் போடாமல். வகுப்புக் காசைவிட அது பிரயோசனம்.

சி.பி.டி.யில் மருந்துக் கணக்கு 15 கேள்வி, தாதியியல் 100 கேள்வி. பியர்சன் வியூ என்ற நிறுவனத்தின் பரீட்சை நிலையத்தில் எழுதுவது. படித்தால் வரும். இதற்குப் பயப்பட வேண்டியதில்லை.

இனி ஒஸ்கி. 'ஏன் திரும்பவும் பரீட்சை' என்ற கேள்விக்கான பதிலும் இதற்குள்தான் இருக்கிறது. பிரித்தானியாவுக்கு வந்த பிறகுதான் எழுதலாம். ஒக்ஸ்ஃபர்ட், நோர்தாம்டன், லீட்ஸ் போன்ற சில நகரங்களில்தான் நிலையங்கள். பத்து நிலைகள். ஒரே நோயாளியை மதிப்பிடுவது, திட்டமிடுவது, செய்வது, மற்றவரிடம் ஒப்படைப்பது என்று நாலு. பிறகு செய்முறைத் திறன்கள் நாலு, எழுத்தில் இரண்டு. புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு வாட்டின் ஒரு மூலையில் நான் இதைப் பழக்கிவிடுவதுண்டு. எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் கை அருமையான கை. ஊசி போடுவதிலோ புண் கட்டுவதிலோ அவர்களை அசைக்க முடியாது. ஆனால் வாய் திறக்க மாட்டார்கள். மருந்துத் தட்டோடு நேரே போவார்கள். இங்கே முதலில் உங்கள் பெயரையும் நீங்கள் யார் என்பதையும் சொல்ல வேண்டும். நோயாளியிடமே அவருடைய பெயரையும் பிறந்த திகதியையும் சொல்லச் சொல்லி, கைப்பட்டியோடும் மருந்து அட்டையோடும் ஒப்பிட வேண்டும். ஒவ்வாமை ஏதும் உண்டா என்று வாயால் கேட்க வேண்டும். அட்டையில் பெனிசிலின் ஒவ்வாமை என்று போட்டிருக்க, கீழே அமொக்ஸிசிலின் எழுதியிருப்பார்கள், அதுவும் பெனிசிலின் வகைதான். அதைக் கொடுத்தால் அந்த நிலை அதோடு சரி. கொடுக்காமல் விட்டு, ஏன் கொடுக்கவில்லை என்று எழுதி, டொக்டருக்கு அறிவிப்பதுதான் அவர்கள் எதிர்பார்ப்பது. மூச்சை முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். பாதி எண்ணி இரண்டால் பெருக்குவது எடுபடாது. வருடக்கணக்காக வாகனம் ஓட்டியவரும் லைசன்ஸ் பரீட்சையில் கண்ணாடியைப் பார்ப்பதைத் தலையைத் திருப்பியே காட்டுவார் அல்லவா, அதுபோல நீங்கள் பார்த்ததை அவர்களும் பார்க்க வேண்டும்.

இதை அவமானமாக நினைக்காதீர்கள். உங்கள் அறிவு குறைவு என்பதால் இல்லை, வேலை செய்யும் முறை வேறு என்பதால்தான் சோதிக்கிறார்கள். கொழும்பில் நோயாளியைக் கழுவுவது, சாப்பாடு தீத்துவது எல்லாம் பெரும்பாலும் வீட்டாரோ உதவியாளரோ பார்ப்பார்கள். டொக்டர் எழுதியதை நாங்கள் செய்வோம். பிரித்தானியாவில் கழுவுவதும் தீத்துவதும் உங்கள் வேலை. தொடுவதற்கு முன் சம்மதம் கேட்பதும் உங்கள் வேலை. நோயாளி வேண்டாம் என்றால் வேண்டாம்தான். டொக்டர் பிழையான அளவு எழுதி நீங்கள் கொடுத்தால், டொக்டர் எழுதினார் என்ற சொல் உங்களைக் காப்பாற்றாது. உங்கள் பதிவுக்கு நீங்களே பொறுப்பு. நோயாளியின் நிலை மோசமாகிறதா என்று பார்க்க நியூஸ் 2 என்று ஒரு புள்ளிமுறை இருக்கிறது. மூச்சு, ஒக்சிஜன், இரத்த அழுத்தம், நாடி, சுயநினைவு, காய்ச்சல் எல்லாவற்றுக்கும் புள்ளி போட்டுக் கூட்டுவது. 5 வந்தால் அவசரமாக டொக்டர் பார்க்க வேண்டும், 7 வந்தால் நெருக்கடி. இரவு இரண்டு மணிக்கு அந்த 7 ஐ வைத்துக்கொண்டு மூத்த டொக்டரை எழுப்புவது தாதிதான். எழுப்பாவிட்டால்தான் கேள்வி வரும். அந்தத் துணிவு எங்கள் பிள்ளைகளுக்கு வரும்போது பார்க்க அவ்வளவு பெருமையாக இருக்கும்.

விசா விதியைத் தெரிந்துகொண்டு வாருங்கள். வேலை தொடங்கி மூன்று மாதத்துக்குள் முதல் ஒஸ்கி எழுத வேண்டும், எட்டு மாதத்துக்குள் பதிவு கிடைக்க வேண்டும். ஒரு விண்ணப்பத்துக்கு மூன்று சந்தர்ப்பம். பதிவு வரும்வரை கீழ்த் தரச் சம்பளம், அரச சுகாதார சேவையான என்.எச்.எஸ்.ஸில் பதிவு வந்த பிறகுதான் பாண்ட் 5 என்ற தாதியர் சம்பளத் தரம். அந்த முதல் மாதங்களில் வீட்டுக்குப் பெரிதாக அனுப்ப முடியாது என்பதை அம்மா அப்பாவிடம் இப்போதே சொல்லி வையுங்கள், சீட்டுக் காசை நம்பிக் கடன் எடுக்க வேண்டாம். காசநோய்ப் பரிசோதனையும் பொலிஸ் சான்றிதழும் விசாவுக்கு வேண்டும். அவற்றுக்குக் காலாவதி உண்டு, ஆகவே வேலை உறுதியான பிறகு எடுங்கள். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இரண்டு மூன்று வருடத்துக்கு முன் இருந்த மாதிரி இங்கே இப்போது ஆள் எடுப்பதில்லை. கடதாசியும் ஆங்கிலமும் சி.பி.டி.யும் முடித்து நிற்கிறவர்களுக்குத்தான் நேர்முகம் கிடைக்கிறது.

அவுஸ்திரேலியாவைப் பற்றியும் கேட்டீர்கள். இலங்கையிலிருந்து நேரே என்றால் என்கிளெக்ஸ் என்ற தாதியர் கணினிப் பரீட்சையும், அதற்குப் பிறகு ஒரு செய்முறைப் பரீட்சையும் உண்டு. ஆனால் 2025 ஏப்ரலில் இருந்து, பிரித்தானியா போன்ற சில நாடுகளில் பதிவோடு 1,800 மணித்தியாலம் வேலை செய்தவர்களுக்கு அந்தப் பரீட்சைகள் இல்லாத விரைவான வழி திறந்திருக்கிறது. கனடாவும் அமெரிக்காவும் என்கிளெக்ஸ் கேட்கும். வளைகுடா நாடுகள் சான்றிதழ்களை டேட்டாஃப்ளோ என்ற நிறுவனம் மூலம் சரிபார்த்து, ஒரு கணினிப் பரீட்சை வைத்து எடுக்கும், சீக்கிரம் போகலாம். குடும்பத்தைக் கூட்டிவந்து நிரந்தரமாக இருக்க நினைத்தால் வளைகுடாவை நான் சொல்ல மாட்டேன்.

நேர்முகம் கிடைத்தால், பயப்படாமல் நீங்களும் கேளுங்கள். ஒஸ்கிக் கட்டணம் யார் கட்டுவது? அது 800 பவுணுக்குக் கிட்ட வரும். பயிற்சி எத்தனை கிழமை, வாட் வேலையோடா, தனியாகவா? முதல் மாதத் தங்குமிடம் உண்டா? இரண்டு வருடம் முடிவதற்கு முன் விலகினால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும், அந்தத் தொகை மாதத்துக்கு மாதம் குறையுமா? கடைசிக் கேள்விக்கான பதில் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். கையெழுத்து வைக்கும் முன் அந்தப் பக்கத்தை மட்டும் ஃபோட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள், வாசித்துவிட்டுச் சொல்கிறேன்.